வலிப்பட்டை பச்சையாக இருந்தது

செங்கொடி வால்வை மூடியபோது அவள் மணிக்கட்டிலிருந்த வலிப்பட்டை பச்சையாகத்தான் எரிந்தது. அதுதான் குற்றம்.

பச்சை என்றால் வலி இல்லை. வலி இல்லை என்றால் விபத்து இல்லை. தோலை அரிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலை ஏற்றும் எல்லா டேங்கர்களிலும் சட்டப்படி இந்த வாசகம் எழுதியிருக்கும். உடம்பில் எங்கே வலி கிளம்பினாலும், ஆள் உணருமுன் பட்டை அதைப் படித்துச் சிவப்பாகும். வால்வு தானாக மூடிக்கொள்ளும். விரல் நுனிவரை பட்டை படிக்க வேண்டுமென்று ரப்பர் கையுறையைக்கூடத் தடை செய்துவிட்டார்கள். பச்சையில் மூன்று முறை வேலையை நிறுத்திய ஓட்டுநருக்கு உரிமம் ரத்து. செங்கொடிக்கு இது மூன்றாவது.

அவள் சோடா இறக்க வந்திருந்த பெருந்துறைச் சாயப்பட்டறையின் மேற்பார்வையாளர் நல்லசிவம் ஓடிவந்தபோது, அவள் அவசரக் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க அம்மிணி, யாரைக் கேட்டு மூடுனீங்க?"

"ஹோஸ் ஜாயின்ட் கசியுதுங்க. விரலைத் தேச்சுப் பாத்தேன், வழுக்குது."

ஒவ்வொரு இணைப்பையும் முடுக்கியதும் அதைத் தொட்டு இரண்டு விரல்களைத் தேய்த்துப் பார்ப்பது அவளுடைய இருபத்திரண்டு வருடப் பழக்கம். சோடா பட்டிருந்தால் தோல் வழுக்கும்.

"வழுக்குதாமா! சோப்புப் போட்டாக்கூடத்தான் வழுக்கும். பட்டை என்ன சொல்லுது?"

"பட்டைக்கு வலி மட்டுந்தானுங்க தெரியும். சோடா மொதல்ல வலிக்காதுங்க. வலிக்கறப்ப தோல் வெந்து போயிருக்கும். ஜாயின்ட்டை மாத்தாம நான் தொறக்க மாட்டேன்."

"உள்ள முப்பது பேரு கையைக் கட்டிட்டு நிக்கறாங்க!"

"அந்த முப்பது பேரும் இந்த ஹோஸைத் தாண்டித்தானுங்க நடக்கோணும்."

நல்லசிவம் விறுவிறுவென்று டேங்கரிடம் போனார். கசிந்த இணைப்பை வலது கையால் இறுகப் பிடித்தார். பிறகு கையை உயர்த்திக் காட்டினார். அவருடைய பட்டையும் பச்சை.

"பாத்துக்கோங்க. வலிக்கவே இல்ல!"

"ஐயோ, கையைக் கழுவுங்க!"

"மொதல்ல உங்க லைசென்ஸைக் கழுவறேன்."

அங்கேயே நின்று புகார் எழுதும் மின்பலகையை எடுத்து, வலது கை ஈரமாக இருந்ததால் இடது கையால் எழுத ஆரம்பித்தார். பெயர், வண்டி எண், நிறுத்திய நேரம், காரணம். செங்கொடி மூன்று முறை கூப்பிட்டாள். அவர் திரும்பவே இல்லை. கடைசியில் ஒப்பத்துக்காக வலது கட்டைவிரலைத் திரையில் அழுத்தினார்.

'ரேகை தெரியவில்லை.'

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

'ரேகை தெரியவில்லை.'

விரலைத் திருப்பிப் பார்த்தார். உரித்த முட்டைபோல மொழுமொழுவென்று பளபளத்தது. கோடு எதையும் காணோம். மணிக்கட்டில் பட்டை இன்னும் பச்சை.

செங்கொடி ஓடிவந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சங்கிலியைச் சுண்டினாள். தண்ணீர் கொட்டிய பிறகுதான் வலி வந்து சேர்ந்தது. அவர் அலறினார். பட்டை சிவந்தது, சங்கு ஊதியது. ஏற்கெனவே மூடியிருந்த வால்வை மூடப் பார்த்து டேங்கரின் மோட்டார் முனகியது.

"எவ்வளவு நேரம் அம்மிணி?" நல்லசிவத்தின் பற்கள் தந்தியடித்தன.

"இருவது நிமிசம். கையை எடுக்காதீங்க." தன் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். "உங்க புகார் எங்கயும் ஓடிப் போயிறாது. இன்னொரு கட்டைவிரல் இருக்குதுங்களே, அதுல அழுத்திக்கோங்க. அப்பவும் நான் தொறக்க மாட்டேன்."