நான்காம் ஆய்வகச் சாவி

மாலை 4.05. கல்லூரியின் நான்காம் ஆய்வகத்தில் புது மைக்ராஸ்கோப்பின் லென்ஸைக் காணோம் என்று ஆய்வக உதவியாளர் போட்ட கூச்சலில் மாடியே அதிர்ந்தது.

மறுநாள் காலை 9.40. துறைத் தலைவரின் அறை. பஸ் கண்டக்டரான அம்மா, பாதி ஷிப்ட்டில் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். பக்கத்தில் மகள். அவளுக்குக் கல்லூரியில் 'மறதி மகாராணி' என்று பட்டப்பெயர். ஏடிஹெச்டி என்னும் கவனக் குறைபாடு இது என்று டாக்டர் விளக்கிய பிறகும் அம்மாவே கோபத்தில் அப்படித் திட்டியதுண்டு.

"கடைசியா உள்ள இருந்தது இவதான் மேடம்" என்றார் உதவியாளர். "நாலு மணிக்கு நான் போய்ப் பார்த்தா, சாவி கதவுலயே தொங்குது. எவன் வந்து அடிச்சிட்டுப் போனானோ!"

"பூட்டினியாம்மா?" தலைவர் கேட்டார்.

"ஞாபகமில்ல மேடம்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா? நாளைக்குச் செய்முறைத் தேர்வு. பொறுப்பில்லாதவளை உள்ளே விட முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார். ஒரு வருஷப் படிப்பு அம்போ!

மகள் மட்டும் பதறவில்லை. உதவியாளர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து சாவியை எப்படி வாங்கினேன்?"

"எப்பவும் போலத்தான். உன் சைக்கிள் சாவியை என்கிட்ட கொடுத்துட்டு வாங்கினே. நீ சொன்ன ஏற்பாடுதானே? ஆய்வகச் சாவி என் கைக்கு வராம சைக்கிள் சாவியைத் தரவே மாட்டேன். ஒரு நாள்கூடத் தவறினதில்ல!"

"அம்மா, நேத்து நான் எப்ப வீட்டுக்கு வந்தேன்?"

"ஷிப்ட் முடிஞ்சு மூணரைக்கு வரேன், உன் சைக்கிள் வாசலை மறிச்சு நிக்குது. திட்டினேனேடி."

"மாத்துச் சாவி?"

"அதைத்தான் வாங்கின வாரமே தொலைச்சியே!"

மகள் தலைவர் பக்கம் திரும்பினாள். "மூணரைக்கே சைக்கிள் வீட்ல இருக்கு மேடம். அப்படின்னா அதுக்கு முன்னாடியே ஆய்வகச் சாவி அண்ணன் கைக்கு வந்தாச்சு. நாலு மணிக்கு அது கதவுல எப்படித் தொங்கும்?"

தலைவர் உதவியாளரைப் பார்த்தார்.

"துடைக்கும்போது கை நழுவிடுச்சு மேடம்" என்றார் அவர் கடைசியில். "உடைஞ்ச லென்ஸ் என் டிராயர்ல இருக்கு. வேலை போயிடும்னு பயம். இந்தப் பொண்ணுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதேன்னு..."

"ஒரே நேரத்துல மூணு விஷயத்தை மனசுல வச்சா எனக்கு ஒண்ணு நழுவிடும்ணே" என்றாள் மகள். "அதனாலதான் அந்த ஏற்பாடே. பாடம்கூட அப்படித்தான் படிக்கிறேன். ஒரு அட்டையில ஒரே ஒரு விஷயம், முடிச்சாத்தான் அடுத்த அட்டை."

தலைவர் எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கோம்மா. நாளைக்கு வந்து பரீட்சை எழுது."

வெளியே வராந்தாவில் மாணவர் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அம்மா மகளின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "கண்டுபிடிச்சது இவதான்! என் பொண்ணு!"

"ஐயோ அம்மா, கத்தாதே."

"கத்துவேன்டி. இத்தனை வருஷம் உன்னைத் திட்டக் கத்தினேன்ல, இன்னைக்கு எல்லாரும் கேக்கட்டும்."