நான்காவது குழாய்

காலை 9.20. சால்ட் லேக்கில் உள்ள அந்த டி.என்.ஏ. ஆய்வகத்தில் இரண்டாவது சோதனையும் தோற்றது. திரையில் ஒரு கோடுகூட இல்லை.

மூன்று மாதங்களுக்கு முன் கிடர்பூர் துறைமுகத்தில் ஒதுங்கிய உடல் அது. முகம் அழிந்திருந்தது. எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் மிச்சமிருந்தது.

"மிதாலியின் கை சரியில்லை. மாலைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் நாளை முதல் அவர் வர வேண்டாம்" என்றார் இயக்குநர் தாலுக்தார்.

இரண்டு சோதனைகளையும் செய்த ஒப்பந்த ஊழியர் மிதாலி தலைகுனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

10.05. இளநிலை ஆய்வாளர் அக்ஷரா கிடங்கிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். உள்ளே ஏ, ஜி, சி, டி என நான்கு குழாய்கள். டி.என்.ஏ.வை நகலெடுக்க நான்கு மூலக்கூறுகளும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நகல் நின்றுவிடும்.

உருகவிடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று குழாய்களில் திரவம் பக்கச் சுவரோடு ஒட்டி உறைந்திருந்தது. டி குழாயில் மட்டும் அடியில், மட்டமாக.

10.40. டி குழாயிலிருந்து ஒரு சொட்டை அளவுக்கருவியில் வைத்தாள். வெறும் தண்ணீர்.

11.00. கீழ்த்தளக் கிடங்கு. பொறுப்பாளர் மஹாதேவன்.

"அங்கிள், இந்தப் பெட்டி என்னிக்கு வந்தது?"

"போன வாரம்."

"வேற யாராவது எடுத்தாளா?"

"சாவி எங்கிட்டதான். என்னம்மா, போலீஸ் மாதிரி கேக்கறே?"

"மிதாலி-தி எடுத்தாளா?" அந்த ஊர் வழக்கில் 'தி' என்றால் அக்கா.

"மூட்டுவலி. அவ மாடியை விட்டே எறங்கமாட்டா."

"பெட்டி கூரியர்ல படுத்த வாக்குல வந்திருக்கு. மூணு குழாய் அப்படியே உறைஞ்சிருக்கு. டி மட்டும் உருகி, நிமிர்ந்து நின்னு மறுபடி உறைஞ்சிருக்கு. அது இங்கதான் நடந்திருக்கணும். நீங்கதான் மாத்தினேள், அங்கிள். ரெண்டு தடவை தோத்த பழைய பெட்டியிலயும்."

மஹாதேவன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க பையன் ஜெயந்த் காணாமப்போய் நாலு மாசம். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு நானும் ஆத்துக்காரி நாகலக்ஷ்மியும் போலீஸ் ஸ்டேஷன்ல ரத்தம் குடுத்தோம். அவ மாசாமாசம் அவன் போனுக்கு ரீசார்ஜ் பண்றா. ரிப்போர்ட் வராதவரைக்கும் அவன் எங்கயோ இருக்கான்."



"மிதாலி-திக்கு வேலை போயிடும், அங்கிள்."

ஃப்ரீசரின் ஆழத்திலிருந்து அவர் ஒரு குழாயை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அசல் இதுதான். தாலுக்தார்கிட்ட நானே சொல்றேன். நீ போய் சோதனையை ஓட்டு."

மாலை 4.50. திரையில் கோடுகள் விழுந்தன. பாதி நாகலக்ஷ்மியின் கோடுகளோடு பொருந்தின. பாதி மஹாதேவனின் கோடுகளோடு.

அவள் கீழே இறங்கி வந்தபோது மஹாதேவன் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"உடம்பை வாங்கிக்க எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.