மூச்சு முட்டிய சுவர்

கிட்ட வந்து குந்துங்க, கண்ணுங்களா. ராயபுரத்துக் கல்வூட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். பயம் வந்தா என் முந்தானையைப் பிடிச்சுக்கோங்க.

அந்த வீட்டின் கடல் பக்கச் சுவரில் கத்திரி வெயிலிலும் ஈரம் கிடந்தது, சரியாக ஓர் ஆள் உயரத்துக்கு. கப்பல் ஆடாமலிருக்க அடியில் பாரமாகப் போட்டு வந்த கல்லை வாங்கி, வீட்டுக்காரி ஐரீனின் கொள்ளுத்தாத்தா கட்டிய சுவர். இரண்டு வரிசைக் கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்பும். ஜன்னல் திட்டில் குழந்தையைப் படுக்கவைக்கலாம், அவ்வளவு தடிமன். ஐரீனின் அம்மா கிறிஸ்டினா, போன வருஷம் சாகும்வரை, மாதத்தின் முதல் வெள்ளி பூசை முடிந்து வந்ததும் அந்த ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பாள். ஏனென்று கேட்டால், "உங்கப்பன் கஸ்பார் கப்பலேறி ஓடிட்டான். இந்தச் சுவராவது கூட கீதே" என்பாள். ஓடிப்போன அப்பாவை ஐரீன் தலை நரைக்கும்வரை சபித்தாள்.

மகள் சாராவைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் ஈர வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டார் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

கொத்தனார் அப்பாவு சுவரைத் தட்டிப் பார்த்தார். "யக்கா, இது சுண்ணாம்புச் சுவரு. சிமெண்ட் பூசினா மூச்சு முட்டிப்பூடும்."

"முட்டட்டும் நைனா. என் பொண்ணு கரையேறணும்."

பூசினார். சுவர் புதுசாக மின்னியது.

சனிக்கிழமை மத்தியானம், கடல் காற்று செத்துக் கிடந்த நேரம், யாரோ மூக்கால் காற்றை இழுப்பதுபோல ஒரு சத்தம். ஹார்பர் லாரி என்று ஐரீன் நினைத்தாள். லாரி போய்விட்டது. சத்தம் போகவில்லை. சுவரில் காதை வைத்தாள். உப்பு வாடை. அதற்குள் பீடி வாடை. அப்பா மடியில் உட்கார்ந்து முகர்ந்த அதே வாடை.

ஓடிப்போனவன் வாடை சுவருக்குள் ஏன்? அவன் போன மறுநாள் விடியலில் அம்மா கையெல்லாம் சுண்ணாம்போடு இந்தச் சுவரின் கல்லை அடைத்துப் பூசிக்கொண்டிருந்தது நினைவு வந்தது.

சுத்தியலை எடுத்தாள். விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள்.

கீழே வைத்துவிட்டாள்.

வந்தார்கள். சாரா பட்டுப்புடவையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, பேரு சொல்லக்கூட வெக்கமா? எம்புள்ள இன்னா புலியா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

சாரா சிரிக்கவில்லை. சுவரில் சத்தம் நின்றுபோயிருந்தது. சாராவின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. இப்போது அவள் மூச்சில் அதே இழுப்பு. அவளுக்குப் பின்னால் புது சிமெண்டில் ஈரம். தலை. தோள். இரண்டு கை. அவள் கழுத்துவரை வந்த விரல்கள்.

சாரா வாயைத் திறந்தாள். நீர்த்த சுண்ணாம்பு பட்டில் வழிந்தது. பீடி நாற்றத்தோடு ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது.

திரும்ப உள்ளே போகவில்லை.

கண்கள் மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தன.

கண்ணுங்களா, உங்க வூட்டுச் சுவருங்க காய்ஞ்சே கிடக்கட்டும். உங்க வாசல் தாண்டிப் போனவங்க வாசல் வழியாவே திரும்பி வரட்டும்.