இருவரும் ஒருவரா?

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தை முகங்களை அடையாளம் கண்டு பிரிக்கும் அந்த மென்பொருள் மௌரீன் என்ற பெயரின் கீழ் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. மௌரீன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஆஞ்சலா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஜூலியாதான். கப்பன் பார்க்கில் நின்றுகொண்டு, சைக்கிளிலிருந்து விழுந்து முனை உடைந்த முன்பல் தெரியச் சிரிக்கிறாள். இரட்டைப் பிள்ளைகளில் யார் எவள் என்று பெற்றவளுக்கே காட்டிக்கொடுப்பது அந்தப் பல் ஒன்றுதான். இந்த மென்பொருளுக்கு என்ன தெரியும், மண்ணாங்கட்டி.

குக் டவுனின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் மாலை மழையின் ஈரமும், கீழ்வீட்டில் யாரோ எண்ணெயில் எதையோ பொரிக்கும் வாசமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. பழைய மடிக்கணினிக்குள் ஹார்ட் டிஸ்க், யாரோ நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல, டக், டக் என்று விட்டுவிட்டுத் தட்டியது. இது எந்த நேரமும் படுத்துவிடும் என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் இதற்குள்தான் கிடந்தன. ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்க மௌரீனின் நல்ல படம் ஒன்று வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

பக்கத்து அறையில் ஜூலியா கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் இருவரும் ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்து, மௌரீன் இடது கைப் பகுதியையும் ஜூலியா வலது கைப் பகுதியையும் வாசிப்பார்கள். மௌரீன் போனபிறகு ஜூலியா வலது கையால் மட்டுமே வாசிக்கிறாள். இடது கை மடியிலேயே கிடக்கும். டீச்சர் கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது. "அது அவளோட பார்ட் மம்மி," என்பாள்.

ஆனேக்கல் பக்கம் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்த கணவன் ரெமிஜியஸுக்கு ஆஞ்சலா போன் போட்டாள்.

"எல்லாத்தையும் ரெண்டு எடத்துல வை ஆஞ்சி. கிளவுட்ல ஒண்ணு, புது டிஸ்க்ல ஒண்ணு. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்ல."

"ரெண்டு இருந்துதான் ஒண்ணு போச்சு," என்றாள்.

"சும்னே மனச கெடுத்துக்காதே," என்றான் ரெமிஜியஸ். "டிஸ்க் நாளைக்கு நான் வாங்கிட்டு வரேன். இப்ப கிளவுட்ல ஏத்து. எடம் பத்தலன்னா டூப்ளிகேட்ட தூக்கிடு."

இடம் பற்றவில்லைதான். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அவள் தேர்ந்தெடுத்த மென்பொருள், ஒரே ஆளின் ஒரே மாதிரிப் படங்களை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் அடங்கிவிடும் என்றது. பிறகு இரண்டு முகங்களை அருகருகே வைத்தது. சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை பெற்று, புது நன்மை வாங்கிய அன்று எடுத்தவை. பல் உடைவதற்கு முந்திய வருடம். ஒரே வெள்ளை கவுன், ஒரே முக்காடு, ஒரே சிரிப்பு.

இருவரும் ஒருவரா?

ஆஞ்சலா உற்றுப் பார்த்தாள். எவள் மௌரீன்? இடப்பக்கத்தவளா? சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. ஆளுக்கொரு நிறத்தில் உடுத்திவிட்டிருக்கலாம். பார்க்கிறவர்கள் மெச்சட்டும் என்று எப்போதும் ஒன்றுபோலவே உடுத்திவிட்டு அழகு பார்த்தவள் அவள்தான்.

'ஆம்' என்று அழுத்தினாள். பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி வந்தது. யாரை வைத்துக்கொள்ள?

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜூலியாவை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்து அறையில்தானே இருக்கிறாள். போனவளை எங்கே போய் எடுப்பது? மௌரீன் என்ற பெயரை அழுத்தினாள். திரையின் அடியில் நீலக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது.

அப்போதுதான் பாட்டு நிறைந்தது. எங்கோ தாழ்வாக, தயங்கித் தயங்கி, கீழ்ச்சுரங்கள் வலது கையின் மெட்டோடு வந்து சேர்ந்துகொள்ள, ஒரு வருடமாக அந்த வீட்டில் பாதியாகவே கேட்ட பாட்டு முழுதாக எழுந்து கூடத்துக்கு வந்தது. ஆஞ்சலாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பிள்ளை மனசு தேறிவிட்டாள்.

"நல்லாருக்குடா ஜூலி," என்றாள்.

வாசிப்பு மட்டும் நடந்தது.

திரையில் படங்கள் மறைந்துகொண்டிருந்தன. கப்பன் பார்க் போய்விட்டது. போன மாதப் பிறந்தநாள் கேக் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. இவை டூப்ளிகேட் இல்லையே? இவற்றில் மௌரீன் எங்கே வந்தாள்? அவள் நிமிர்ந்தபோது வலது கையின் மெட்டு மெலிந்திருந்தது. ஒரு சுரம் விட்டுப்போயிற்று. இன்னொன்று. மழையின் ஈர வாசத்துக்கு நடுவே வேறொரு வாசம் வந்தது. யூடிகொலோன். ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு நெற்றியில் நனைத்துப் போட்ட துணியின் வாசம். சவப்பெட்டியிலும் அதைத்தான் தெளித்தார்கள்.

வலது கை நின்றது.

இடது கை மட்டும் வாசித்தது.

"ஜூலி?"

இடது கை.

"ஜூலி, இங்க வா."

பாட்டு நின்றது. ஸ்டூல் நகர்ந்தது. ஆஞ்சலா 'நிறுத்து' என்பதைத் தேடி அழுத்தினாள். கோடு நிற்கவில்லை. நீக்கியவற்றைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டபடியே நகர்ந்தது. கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்.

"மம்மி."

வாசலில் நின்றாள். ஜூலியாவின் மஞ்சள் ஃபிராக். நெற்றி மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. சிரித்தாள். பற்கள் முழுசாக இருந்தன.

"ஜூலி எங்க?" என்றாள் ஆஞ்சலா.

"நீதானே மம்மி என்னை வச்சுக்கிறேன்னே."

பக்கத்தில் வந்தாள். மௌஸ் மேல் இருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள். கடைசி நாள் கொதித்த கை. இப்போது ஐஸ்.

அழுத்து. ஒரே அழுத்து. ஜூலியா வந்துவிடுவாள். இவள் போய்விடுவாள். மறுபடியும்.

ஆஞ்சலா அழுத்தவில்லை. ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சில் அவளுக்கு இருந்தது பயமில்லை. சந்தோஷம்.

பிறகு 'ஆம்' என்று அழுத்தினாள்.

டக்.

ஹார்ட் டிஸ்க் நின்றது. திரை கறுத்தது.

"விடு மம்மி," என்று சொல்லி மௌரீன் மடிக்கணினியை மூடினாள். ஆஞ்சலாவின் மடியில் ஏறி உட்கார்ந்து தோளில் தலை சாய்த்தாள்.

எதிர்ச்சுவரில், திருஇருதயப் படத்துக்குக் கீழே, சிவப்பு பல்பு எரியும் சட்டத்துக்குள் படமாக மௌரீன் ஒரு வருடமாக உதடு மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வாய் திறந்திருந்தது. முனை உடைந்த முன்பல் தெரிந்தது. கண்ணாடி உள்பக்கம் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. அந்த மங்கலில், உள்ளேயிருந்து அழுத்திய வலது கை விரல்கள் ஐந்தும் வெளுத்திருந்தன.