நண்டு எழுதிய வரி

1999ஆம் ஆண்டு. மலேசியத் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டில் படித்த செல்வநாயகிக்கு வகுப்பில் வாய் திறக்கவே பயம். கட்டுரையை வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை கணினி அறைக்குள் போனால் மட்டும் அவள் வேறு ஆள். ராமதாஸ் சார் இணையத்தில் ஒரு கதைப் பக்கம் தொடங்கியிருந்தார். கடலுக்கு அக்கரையில் இருந்த புக்கிட் மெர்தாஜாம் பள்ளிப் பிள்ளைகளும் அதில் எழுதினார்கள். சொந்தப் பெயர் போட வேண்டியதில்லை. செல்வநாயகி 'நண்டு' என்று பெயர் வைத்துக்கொண்டாள். யாருக்கும் தன்னைத் தெரியாது என்றதும் கை தானாக ஓடியது. அக்கரைக்குப் போகும் ஃபெரிப் படகில் ஏறிய பேயைப் பற்றி அவள் எழுதிய கதையை எல்லோரும் தேடிப் படித்தார்கள்.

"யாருலா இந்த நண்டு?" என்று பின்வரிசைப் பையன்களே கேட்டார்கள்.

ஒரு வாரம் 'பப்பாளி' என்ற பெயரில் ஒரு கதை வந்தது. ஒரு பூனைக்குட்டி கடை வாசலில், மழையில், தன் தாய்க்காகக் காத்திருக்கிறது. தாய் வரவில்லை. அவ்வளவுதான்.

செல்வநாயகிக்கு நெஞ்சு கனத்தது. தனக்கு இப்படி எழுத வரவில்லையே என்று எரிச்சலும் வந்தது.

"இது ஒரு கதையா? பூனைக்கே தூக்கம் வரும்" என்று நண்டு பெயரில் கதைக்குக் கீழே தட்டிவிட்டாள்.

அதன்கீழே பன்னிரண்டு பேர் சேர்ந்து கேலி செய்தார்கள். அதன்பிறகு பப்பாளி எழுதவேயில்லை.

அடுத்த வாரம் ஓய்வு நேரத்தில், அவள் வகுப்பில் படிக்கும் நல்லமுத்து தன் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். போன பள்ளி விடுமுறையில்தான் அவன் அம்மா இறந்துபோயிருந்தார். கிழிந்த தாளில் ஒரு பூனைக்குட்டியின் படம்.

"நீதான் பப்பாளியா?" என்று கேட்டாள் செல்வநாயகி.

"இனிமே இல்ல. நண்டு நல்லா எழுதுறவங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

செல்வநாயகி பேசாமல் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"நான்தான் நண்டு" என்றாள்.

அவன் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அவள் சொந்தப் பெயரில் எழுதினாள்: "நண்டு நான்தான். பூனைக்குட்டி கதை என் கதையைவிட நல்லா இருந்தது. பொறாமையில கேலி பண்ணிட்டேன். மன்னிச்சிடு, பப்பாளி."

"ஐயோ, நண்டு இவளா?" என்று வகுப்பே சிரித்தது. அதன்பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தாலும் அவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. எல்லோரும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோலவே இருந்தது. மூன்று வாரங்கள் அப்படியே போயின.

நான்காவது வெள்ளிக்கிழமை மழை பெய்தது. நல்லமுத்து வந்து பக்கத்துக் கணினியில் உட்கார்ந்தான்.

"என் பேரு போட்டா எனக்கு எழுத வராது" என்றான் மெதுவாக.

"போடாதே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான். பின்வரிசைப் பையன் ஒருவன் எட்டிப் பார்க்க வந்தான். செல்வநாயகி தன் நாற்காலியை நகர்த்தி, அவன் திரையை மறைத்து உட்கார்ந்தாள்.

மணி அடிக்கும்வரை அவள் அங்கிருந்து அசையவில்லை.