தடை ஏதுமில்லை

காலை ஐந்தரைக்கு ஜெசிந்தாவின் இடது மணிக்கட்டு இரண்டு முறை துடித்தது. கண்ணைத் திறக்காமலேயே அன்றைய உணவாணையைக் கேட்டுக்கொண்டாள். "சோறு நூற்றிருபது கிராம். தேங்காய் தடை. உப்பு இரண்டு கிராம். நேற்று உண்ட அப்பளத்திற்காக இன்று எண்ணெய் தடை." அந்த அப்பளத்தை அவள் மொட்டை மாடியில், யார் கண்ணிலும் படாமல் தின்றிருந்தாள். அதையும் விட்டுவைக்கவில்லை, பாவி.

தோலுக்கடியில் அரிசிமணி அளவில் உட்கார்ந்திருக்கும் உடற்காவலன் இல்லாத மனிதர் நாட்டில் இல்லை. இரத்தத்தைப் படிப்பதோடு அது நின்றுவிடுவதில்லை. ஒருவர் நாளை எங்கே போகிறார், என்ன வேலை பார்க்கிறார், என்ன பேசுகிறார், என்ன முடிவெடுக்கிறார் என்பதெல்லாம் கணிப்பகத்துக்குப் போகும். அங்கே எல்லாத் துறைகளின் சென்சார்களிலிருந்தும் வரும் தகவலோடு சேர்த்துக் கணக்கிட்டு, அவர் இன்னும் நெடுநாள் வாழ எதைத் தின்னக்கூடாது என்று ஆணை வரும். மீறினால் மணிக்கட்டு சுருக்கென்று குத்தும். அடிக்கடி மீறினால் மருத்துவமனை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். ஊரே நோஞ்சான் பூனை மாதிரி ஒழுங்காக, சராசரி தொண்ணூற்றாறு வயதுவரை வாழ்ந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட உலகத்தில்தான் அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்தை நடத்தித் தருகிறேன் என்று ஜெசிந்தா மச்சாடோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

தூத்துக்குடிக் கடற்சுவரின் மேலேயே இருந்தது அவர்கள் நிலையம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கடல் ஏறும்போது அதன் மட்டத்துக்கும் கீழே போய்விடும் ஊர். வேலை செய்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். கடல் இறங்கியிருக்கும்போது ஊரின் மழைத்தண்ணீர் வடிய நாலு ஷட்டர்களைத் திறப்பார்கள். கடல் ஏறிவரும்போது சுவரின் மேல் நின்று கையால் மூடுவார்கள். டியூட்டி பட்டியல் போடுவது, வருகைப் பதிவு, டீத்தூள் வாங்குவது எல்லாம் ஜெசிந்தாவின் பொறுப்பு. டிசம்பர் இருபத்தைந்து காலை, கடல் மிக உயரமாக ஏறும் பௌர்ணமிப் பேரோதம் வருகிறது என்பதால் ஆறு பேருக்கு அன்றைக்கே டியூட்டி. ஆகவே விருந்து இருபத்துநான்கு மதியம் என்று முடிவாயிற்று.

போன வருடத்து விருந்தை நினைத்தால் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. எட்டுப் பேர், எட்டு டப்பா. ஒருவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி, ஒருவருக்கு அவித்த பீன்ஸ். துக்க வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாகச் சாப்பிடுவார்கள். இந்த வருடம் ஒரே பாத்திரம், ஒரே சாப்பாடு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று அவள் வைராக்கியம் பிடித்தாள்.

அதற்குக் கூட்டுப்பந்தி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்தால் எட்டுப் பேரின் தடைப்பட்டியலும் அவள் திரைக்கு வரும். வந்தது. ஷட்டர் பார்க்கும் செல்வினுக்கு இறைச்சி தடை, எண்ணெய் தடை. முக்குளிப்பவனான இசக்கிக்கு அரிசியே தடை. பதிவேடு பார்க்கும் மைமூனுக்குப் பால், தக்காளி, வெங்காயம் மூன்றும் தடை. வெங்காயம் இல்லாமல் மனுஷி எதைத் தின்று உயிர் வாழ்கிறாள் என்று ஜெசிந்தாவுக்கே விளங்கவில்லை. போதாக்குறைக்கு நிலைய அதிகாரி அய்யம்பெருமாள் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்.

எட்டுப் பேரும் சேர்ந்து உண்ணத்தக்க பொது உணவு எது என்று கேட்டாள். கணிப்பகம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவித்த சுரைக்காய். உப்பின்றி."

"ஏசு பிறந்ததுக்கு சுரைக்காயா?" என்று இசக்கி கேட்டான். "மாட்டுத் தொழுவத்துல பிறந்தாருன்னு மாட்டுத் தீவனத்தையே போடப் போறியளாக்கும்?"

மைமூன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

இருபத்துமூன்றாம் தேதி காலை, வேறு வழியில்லாமல் சுரைக்காய் வாங்கக் கிளம்பும் நேரத்தில் திரையில் தடைப்பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அய்யம்பெருமாள்: தடை ஏதுமில்லை. செல்வின்: தடை ஏதுமில்லை. இசக்கி: தடை ஏதுமில்லை. இப்படியே ஆறு பேர். அவளுக்கும் மைமூனுக்கும் மட்டும் பழைய தடைகள் அப்படியே இருந்தன.

கருவி கெட்டுவிட்டதோ என்று வெளியே ஓடினாள். அதற்குள் இசக்கி சுவரின் மேல் ஆடிக்கொண்டிருந்தான். "ஜெசியக்கா! எனக்கு சோறு போட்டுட்டான்! நாலு வருசம் கழிச்சு சோறு!" செல்வின் எங்கிருந்தோ ஒரு பஜ்ஜியை வாங்கி வந்து, கடித்துவிட்டு, மணிக்கட்டு குத்துகிறதா என்று பார்த்து, குத்தாததால் மீதியையும் வாயில் திணித்துக்கொண்டான்.

அய்யம்பெருமாள் தொண்டையைச் செருமினார். தொப்பையைத் தடவியபடி, "பண்டிகைக் காலத்துல கொஞ்சம் தளர்த்துங்கன்னு நான் மேலிடத்துக்கு எழுதியிருந்தேன்" என்றார். "நம்ம பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யுது." அவர் எழுதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைய சந்தோஷத்தில் கைதட்டினார்கள். மாலை போட்டிருப்பதால் அவருக்கு மட்டும் காய்கறி பிரியாணி தனியாக வேண்டும் என்றும் சொன்னார். அரசாங்கம் விட்டாலும் ஐயப்பன் விடமாட்டாராம்.

ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். பொறாமையோடுதான் ஆட்டுக்கறி பிரியாணிக்குச் சொன்னாள். மைமூனின் தடையும் ஒருவேளை நீங்கினால் அவளுக்கும் ஆகும்படி ஹலால் கறி. தனக்கும் மைமூனுக்கும் வாசனை பிடிக்கவாவது கொடுத்து வைத்திருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு மைமூன் அவள் மேசைக்கு வந்தாள். "அக்கா, நாளைக்கு செல்வின் டியூட்டிய நான் பாத்துக்கிடுதேன். அவன் புள்ளைக்கு இது முதல் கிறிஸ்துமஸ். கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகட்டும். நமக்கென்ன, நாளைக்குப் பெருநாளா?"

நல்ல மனசு. ஜெசிந்தா டியூட்டி பட்டியலைத் திறந்து செல்வின் பெயரை அழித்து மைமூன் பெயரைச் சேர்த்தாள்.

மைமூனின் மணிக்கட்டு துடித்தது. காதருகே வைத்துக் கேட்டவள் முகம் மலர்ந்தது. "அக்கா! எனக்கும் எடுத்துட்டான். தடை ஏதுமில்லையாம்!"

வெளியிலிருந்து செல்வினின் குரல் கேட்டது. "ஜெசியக்கா, எனக்கு மறுபடியும் போட்டுட்டான்! எண்ணெய் தடைங்கான். இது என்ன அக்கிரமம்?"

ஜெசிந்தாவின் விரல் திரையிலேயே நின்றது. மைமூனின் மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமி ஆஸ்பத்திரியில கிடந்தாவ இல்லையா" என்று மைமூன் மெதுவாகச் சொன்னாள். "சிறுநீரகம் ரெண்டும் போயி. ஒரு வியாழக்கிழமை அவங்களுக்கு எல்லாத் தடையையும் எடுத்துட்டான். குணமாயிட்டுது, அதான் எடுத்துட்டான்னு நாங்க எல்லாம் நினைச்சோம். அல்வா கேட்டாவ, ஊட்டிவிட்டோம். ஞாயித்துக்கிழமை மௌத்தாயிட்டாவ." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனிமே தடுத்து என்ன ஆகப்போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அது தடையை எடுக்கும்."

அப்படி இருக்காது என்று நிரூபித்துவிடத்தான் ஜெசிந்தா டியூட்டி பட்டியலில் தன் பெயரைச் சேர்த்தாள். மச்சாடோ, ஜெ., இருபத்தைந்து காலை. உள்ளிடு. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாலு எண்ணுவதற்குள் மணிக்கட்டு துடித்தது.

"தடை ஏதுமில்லை."

அவ்வளவு மென்மையாகச் சொன்னது. அவளுடைய உயிரைப் பற்றி அந்தக் கருவிக்குச் சொல்ல வேறு ஒன்றுமே இருக்கவில்லை. நாளைக் காலை இந்தச் சுவரின் மேல் யார் நின்றாலும் செத்துப்போவார்கள். கணிப்பகத்துக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. அதற்கு உணவைப் பற்றி மட்டும்தான் பேச உத்தரவு. ஆகவே உணவைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறது. இவர்கள் ஆடியிருக்கிறார்கள், பஜ்ஜி தின்றிருக்கிறார்கள்.

தன் பெயரையும் மைமூனின் பெயரையும் அழித்துவிட்டுக் கடற்சுவர் வாரியத்தின் தலைமையகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க கணிப்புப்படி சுவர் நல்லா இருக்கும்மா. பிரியாணித் தடையை வச்சா கடலை அளப்பீங்க? உணவு விவரத்தை வேற காரியத்துக்கு எடுத்தா குற்றம், தெரியுமில்ல?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மாநாட்டு அறையில் வாழையிலை போட்டாயிற்று. பிரியாணி அண்டாவின் மூடியை இசக்கி அப்போதுதான் தூக்கியிருந்தான். எல்லோரும் வாசனையில் கிறங்கிப்போய் நின்றார்கள். ஜெசிந்தா உள்ளே வந்து, எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பிறகு செல்வின் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"விளையாடுதியளா?" என்றான் இசக்கி.

"டியூட்டி பட்டியல்ல உன் பேரை எடுக்கேன், பாத்துக்கோ." போனில் அவன் பெயரை அழித்தாள். சோற்றுக்குத் தடை என்று அவன் மணிக்கட்டு சொன்னது. திரும்பச் சேர்த்தாள். தடை ஏதுமில்லை என்றது. இசக்கி அண்டா மூடியைத் தரையில் வைத்துவிட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டான். நாலு வருடப் பசியோடு இருந்தவன் அந்த அண்டாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அய்யம்பெருமாள்தான் முதலில் பேசினார். ஜம்பம் எதுவும் இல்லாத குரலில், ஏதோ டீ சொல்வதுபோலச் சொன்னார். "சரி. வாரியம் கேக்காட்டி போகட்டும். சைரன் நம்ம கையில இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு ஊதிருவோம். சுவரடித் தெருக்காரங்க எல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். நாளைக்குக் காலையில ஒருத்தரும் இங்க வரக்கூடாது."

"ஷட்டரு?" என்று செல்வின் கேட்டான். "நாலையும் இப்பமே மூடுனா, பெய்யுத மழைத்தண்ணி வடியாது. ராத்திரிக்குள்ள ஊரு கழுத்து மட்டுக்கும் முங்கிரும். மூடாம விட்டா காலையில கடலு உள்ள வந்திரும். மேட்டுப் பள்ளிக்கூடமும் தாங்காது."

"ஸ்டோர்ல புது டைமர் ஒண்ணு வந்து கிடக்கு, அதைப் போட்டு வச்சிருதேன். கடலு ஏறுத நேரத்துக்கு அதுவே மூடிக்கிடும். அது என் வேலை, நீங்க கவலைப்படாதிய." அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாரும் ஊரைவிட்டுக் கிளம்பணும். என்ன, சம்மதமா?"

"சம்மதம்" என்றான் செல்வின். "சம்மதம்" என்றாள் மைமூன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இசக்கி தரையிலிருந்தே தலையாட்டினான்.

சொல்லி முடித்த மூச்சிலேயே இசக்கியின் மணிக்கட்டு துடித்தது. "சோறு தடை." அவன் அதை இன்னொரு முறை கேட்கச் சொல்லிக் காதில் அழுத்திக்கொண்டான். அடுத்து இன்னொருவருக்குச் சர்க்கரை தடை. அதற்கடுத்தவருக்குக் கிழங்கு தடை. அறை முழுக்கத் தடைகளாகக் கேட்டன. தடை கேட்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்ட மனிதர்கள் அதற்கு முன் உலகத்தில் இருந்திருக்க மாட்டார்கள். மைமூன் வாய்விட்டு அழுதாள். இசக்கி எழுந்து நின்று கண்ணீரும் சிரிப்புமாக, "எனக்கு சோறு வேண்டாம்டா சாமி, சுரைக்காயே போடுங்க" என்று கத்தினான்.

ஜெசிந்தா விரல்விட்டு எண்ணினாள். தடை திரும்பி வர வேண்டியது ஐந்து பேருக்கு. நாலுதான் வந்திருந்தது.

அய்யம்பெருமாள் ஓர் இலையின் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அதிகாரியின் கையை அவள் அதற்கு முன் தொட்டதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துக் காத்திருந்தாள். நாடி ஓடியது. வேறு எதுவும் துடிக்கவில்லை.

"சார். டைமர் இருக்கா சார்?"

"சத்தமாக் கேக்காதம்மா" என்றார் அவர். "இப்பம்தான் எல்லாரும் சிரிக்காவ."

அவளால் அந்தக் கையை விட முடியவில்லை. அவரே மெல்ல விடுவித்துக்கொண்டார். எனக்குத் தனியாகச் சின்னப் பாத்திரத்தில் சொன்னாயே, அது எங்கே என்று கேட்டார். அவள் எழுந்து போய்க் காய்கறி பிரியாணியை எடுத்து வந்தாள். அவர் போதும் என்று கையால் மறிப்பார் மறிப்பார் என்று பார்த்துக்கொண்டே, பாத்திரம் காலியாகும்வரை அவர் இலையில் போட்டாள்.