அவள் விட்டுவைத்த குக்கீ

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கணவனின் வெப்சைட்டில், வருகிறவர்களை வேவு பார்க்கும் குக்கீகள் பன்னிரண்டு இருந்தன. அவள் பதினொன்றை அழித்தாள்.

"கடைக்கு வந்துட்டுப் போறவங்க பின்னாடியே நாம போறோமா என்ன? வெப்சைட்ல மட்டும் எதுக்கு? எல்லாத்தையும் எடுத்துடும்மா" என்று அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்று காலையில்தான் அவள் அந்த வருகையாளரைக் கவனித்திருந்தாள். பெயர் கிடையாது, வெறும் எண். தினமும் நாலு மணிக்கு வந்து, கடிகாரம் எதையும் சீந்தாமல், அவன் படம் இருக்கும் பக்கத்தில் நாற்பது நிமிடம் நிற்கிற எண். பெண்தான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பெண்ணை மறைக்கத்தான் அழிக்கச் சொல்கிறானோ?

"எடுத்துட்டியா?"

"எல்லாம் எடுத்தாச்சு."

விட்டுவைத்த குக்கீ உண்மையாக உழைத்தது. திங்கட்கிழமை அந்த எண் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மறுநாள் நூற்றைம்பது. புதன்கிழமை ஊர் எல்லை. வரட்டும், அவள் மூஞ்சியைப் பார்த்துவிடலாம் என்று இவள் கறுவிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, மாடியறையில் லேப்டாப்பைத் திறந்தபோது, வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே கடையிலிருந்து கடிகார எண்ணெய் வாசனையோடு, பக்கெட்டில் நாள்கணக்காக மறந்துபோன ஈரத்துணியின் வாடையும் படியேறி வந்தது. எண் வந்திருந்தது. அவர்கள் வீட்டு வைஃபையிலிருந்து.

கீழே அவன் குரல் கேட்டது. குழைந்த குரல். "விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வா. ஆங், அப்படித்தான்."

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தடதடவென்று இறங்கினாள்.

பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கி, மறுகண்ணை மூடி, அவன் கடிகாரத்தின் மேல் குனிந்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. மேசை விளக்கு தானாக வளைந்து இறங்கியது.

"நீ இப்படித் தோள்ல கை வெச்சு எவ்வளவு நாளாச்சு" என்றான், நிமிராமல்.

அவள் வாசற்படியில் நின்றாள். அவன் தோளில், சட்டைத் துணியில், ஐந்து விரல்களின் பள்ளம்.

கத்த வாயைத் திறந்தாள்.

பள்ளம் நகர்ந்தது. காலர். கழுத்து. தோல் அமுங்கியது.

"ஏம்மா, கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

கேட்டுவிட்டு, அவளுக்கு மட்டுமே காட்டுகிற அந்தச் சிரிப்போடு, அவன் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தான்.